சர்வர் ஏன் வரவில்லை?

விமரிசகர்கள் கவிதையைப் பார்க்கிறார்கள், நாவலைப் பார்க்கிறார்கள், சினிமாவைப் பிரித்து மேய்கிறார்கள். தினம் தினம் நம்மில் பலர் கட்டாயமாகப் படிக்கிற ஓர் உரைநடையை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. எரர் மெசேஜ் என்கிற பிழைச்செய்தி. காசு கொடுத்து யாரும் வாங்குவதில்லை, ஆசைப்பட்டு யாரும் படிப்பதில்லை. ஆனால் படிக்கிற ஆள், ஒரு எழுத்து விடாமல், சில சமயம் பத்து தடவை, ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிக்கிறான். இப்படி ஒரு வாசகன் கிடைக்க எந்த எழுத்தாளருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

இந்த வகையில் ஒரே ஒரு கிளையை இந்த வாரம் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸுடன் இணைய முடியாமல் போகும்போது வருகிற செய்திகள். 'கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கெதற்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வங்கி கவுன்ட்டரிலோ ரேஷன் கடையிலோ பத்திரப்பதிவு ஆபீஸிலோ 'சர்வர் டவுன் சார், மத்தியானமா வாங்க' என்று கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தின் மூலப்பிரதி இங்கேதான் இருக்கிறது.

சர்வர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது 1964-ல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்'. கம்ப்யூட்டர் சர்வரும் அதே உத்தியோகம்தான் பார்க்கிறது. மேஜையில் உட்கார்ந்து 'ஒரு மசால் தோசை' என்பவர் கிளையன்ட். கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் சர்வர். உங்கள் கணக்கில் எவ்வளவு பாக்கி என்று கவுன்ட்டரில் உள்ள புரோகிராம் கேட்கும். எங்கோ குளிரூட்டிய அறையில் உள்ள டேட்டாபேஸ் சர்வர் பதில் சொல்லும்.

தோசை வரவில்லை. எங்கே தவறியிருக்கலாம்? எண்ணிப் பார்த்தால் ஆறு இடம்.

ஓட்டல் பெயர் தெரியும், விலாசம் தெரியவில்லை. விலாசம் தெரியும், வழியில் போலீஸ் தடுப்பு. போய்ச் சேர்ந்தாயிற்று, ஷட்டர் சாத்தியிருக்கிறது. திறந்திருக்கிறது, வாசலில் இருப்பவர் 'நீங்க யாரு?' என்கிறார். உள்ளே விட்டார்கள், நீங்கள் கேட்ட ஏ.சி. ஹால் இந்தக் கிளையில் கிடையாது. எல்லாம் இருக்கிறது, உட்கார மேஜை காலியில்லை.

ஆறுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஷட்டர் சாத்தியிருக்கும்போது அடையாள அட்டையைத் தேடிப் பயனில்லை. எனவே இந்த உரைநடைக்கு நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான்: ஆறில் எந்தப் படியில் நின்றுபோனது என்று வாசகனுக்குச் சொல்கிறதா, இல்லையா? அழகு, சுருக்கம், மரியாதை எல்லாம் அப்புறம்.

முதல் மாதிரி, ஆரக்கிள். அதில் வேலை பார்த்தவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்லும் எண் 12154. தமிழில் சொன்னால், 'டிஎன்எஸ்: குறிப்பிட்ட இணைப்பு அடையாளம் இன்னதென்று கண்டறிய முடியவில்லை.' டிஎன்எஸ் என்பது 'டிரான்ஸ்பரன்ட் நெட்வொர்க் சப்ஸ்ட்ரேட்' என்பதன் சுருக்கம். டிரான்ஸ்பரன்ட்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செய்தி உண்மையில் சொல்ல வருவது முதல் படியில் நின்றுபோன கதை. கிளையன்ட் தன் சொந்த மெஷினில் 'டிஎன்எஸ்நேம்ஸ்' என்று ஒரு சின்ன ஃபைல் வைத்திருக்கும். விலாசப் புத்தகம். 'சம்பளம்' என்று கேட்டால் அதற்குரிய சர்வர் எது, எந்த வாசல் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பெயரைத் தேடியது, அகப்படவில்லை. அவ்வளவுதான். ஆள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. சர்வருக்கு இப்படி ஒருவர் கிளம்ப நினைத்ததே தெரியாது.

ஆனால் படிக்கிறவர் கண்ணில் படுவது 'டிஎன்எஸ்', 'இணைப்பு' போன்ற வார்த்தைகள். உடனே நெட்வொர்க் ஆசாமிக்கு போன். அவர் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார். டேட்டாபேஸ் நிர்வாகி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தித் துவக்குகிறார். பிழையோ, யாரோ விலாசப் புத்தகத்தில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தது. அல்லது ஒரே மெஷினில் இரண்டு ஆரக்கிள் கிளையன்ட்டுகள், ஆளுக்கொரு விலாசப் புத்தகம், நீங்கள் திருத்தியது ஒன்று, அது படிப்பது இன்னொன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 64-பிட் விண்டோஸில் பழைய புரோகிராம்களுக்கென்று தனி ஃபோல்டர் இருக்கிறது. அதன் பெயரின் கடைசியில் 'எக்ஸ்86' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பழைய ஆரக்கிள் கிளையன்ட்டுகளுக்கு அந்த அடைப்புக்குறி ஆகவில்லை. அந்த ஃபோல்டருக்குள்ளிருந்து ஓடிய புரோகிராம் இணையப் போனால் கிடைப்பது அதே 12154. விலாசப் புத்தகம் சரி, பெயர் சரி, சர்வர் சரி. ஃபோல்டர் பெயரில் இரண்டு பிறைகள். மெசேஜைப் படித்து இதை யாராவது ஊகித்திருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம்.

இங்கே குற்றம் சுருக்கம் அல்ல. என்ன பெயரைத் தேடினாய், எந்த ஃபைலில் தேடினாய் என்ற இரண்டு விவரமும் எழுதியவரிடம் இருந்தன. வாசகனிடம் இல்லை. தனக்குத் தெரிந்தது வாசகனுக்கும் தெரியும் என்று நினைப்பதுதான் மோசமான உரைநடையின் முதல் லட்சணம். ஆரக்கிளே இதை உணர்ந்திருக்கிறது. 23-ஆம் பதிப்பில் அதே எண், 'இன்ன பெயரை இன்ன ஃபைலில் காணவில்லை' என்று இரண்டையும் சொல்கிறது. பல வருஷமாகத் திட்டு வாங்கிய வாக்கியத்துக்கு ஒருவழியாக மறுபதிப்பு.

அதே கம்பெனியின் 12541-ஐயும் சொல்லாவிட்டால் அநியாயம். 'கேட்பவர் இல்லை.' முடிந்தது. மெஷின் இருக்கிறது, அந்த வாசலில் காது கொடுக்க ஆள் இல்லை. மூன்றாவது படி, ஷட்டர். புதுக்கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பு மாதிரி இருந்தாலும் துல்லியமான வாக்கியம்.

இரண்டாவது மாதிரி, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர். இது மறுகோடி. 'நெட்வொர்க் சம்பந்தமான அல்லது இன்ஸ்டன்ஸ் சம்பந்தமான பிழை ஏற்பட்டது. சர்வரைக் காணவில்லை அல்லது அணுக முடியவில்லை. பெயர் சரியா என்று பாருங்கள், வெளியிலிருந்து இணைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.' ஜோசியர் மாதிரி. ஒன்று பணக்கஷ்டம் இருக்கும், இல்லாவிட்டால் மனக்கஷ்டம் இருக்கும். ஆறு படியில் முதல் மூன்றையும் ஒரே மூச்சில் மூடிவிட்டது. எதைச் சொன்னாலும் பொய்யில்லை, எதைச் சொன்னாலும் பயனில்லை.

பயனுள்ளது கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண்ணாக ஒளிந்திருக்கும். 26 என்றால், ஒரே மெஷினில் உள்ள பல சர்வர்களில் எது எந்த வாசலில் என்று வழி சொல்லும் 'பிரவுசர்' சர்வீஸ் பதில் தரவில்லை. 40 என்றால் கதவைத் திறக்கவே முடியவில்லை. அனுபவஸ்தர்கள் இந்தப் பத்தியைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார்கள். துப்பறியும் நாவலுக்கு அது கெட்ட பழக்கம், இதற்கு அதுதான் வழி.

மூன்றாவது, மைஎஸ்க்யூஎல். 'ரவி, லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து: அனுமதி மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டு உபயோகித்தது: ஆம்.' எனக்குப் பிடித்த வாக்கியங்களில் இது ஒன்று. முதலில், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று சர்வர் நினைத்துக்கொண்டிருக்கிறதோ அதைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் ஓரிடத்திலிருந்து பேசுவதாக நினைக்க, அது வேறிடம் என்று பதிந்திருந்தால் அங்கேயே விடை. இரண்டாவது, அந்த 'ஆம்'. பாஸ்வேர்டு வந்தது, ஆனால் ஒத்துப்போகவில்லை. 'இல்லை' என்று வந்தால் உங்கள் புரோகிராம் பாஸ்வேர்டை அனுப்பவே இல்லை, கான்ஃபிகரேஷன் ஃபைலைப் போய்ப் பார். ஒரே வார்த்தையில் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இதே மைஎஸ்க்யூஎல் தன் இன்னொரு வாக்கியத்தில் ஒரு பொடி வைத்திருக்கிறது. லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று சொன்னால் அது நெட்வொர்க் வழியாகப் போகாது. சாக்கெட் என்கிற ஒரு ஃபைல் வழியாகக் கொல்லைப்புறமாகப் போகும். 127.0.0.1 என்று எண்ணால் சொன்னால்தான் வாசல் வழி. உலகம் பூராவும் இரண்டும் ஒன்று என்று பாடம் நடத்திவிட்டு இங்கே மட்டும் வேறு. 'இந்த சாக்கெட் வழியாக உள்ளூர் சர்வரை அணுக முடியவில்லை' என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு 2 போடும். 2 என்றால் அப்படி ஒரு ஃபைலே இல்லை. 13 என்றால் இருக்கிறது, தொட உனக்கு உரிமையில்லை. 111 என்றால் ஃபைல் இருக்கிறது, அந்தப் பக்கம் ஆள் இல்லை. இதை எழுத்தில் சொல்ல நாலு வார்த்தை செலவழித்திருந்தால் குடியா முழுகிவிடும்?

நான்காவது, போஸ்ட்கிரெஸ். இவர்களிடம் ஓர் ஆச்சரியம். பிழைச்செய்தி எப்படி எழுதவேண்டும் என்று தங்கள் ஆவணத்திலேயே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். முக்கியச் செய்தி, விவரம், யோசனை என்று மூன்றாகப் பிரி என்கிறது. நடந்தது வேறு, என் ஊகம் வேறு. இரண்டையும் கலக்காதே. ஜோசியத்துக்கு நேர் எதிர்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு விதி. முயன்று பார்த்துத் தோற்றதற்கு ஒரு வினைச்சொல், அடிப்படையிலேயே நடக்காததற்கு இன்னொன்று. ஆங்கிலத்துக்கு இதை விதி போட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் பிறவியிலேயே இருக்கிறது. 'முடியவில்லை' வேறு, 'முடியாது' வேறு. முடியவில்லை என்றால் கொஞ்ச நேரம் கழித்து வரலாம். முடியாது என்றால் வீட்டுக்குப் போகலாம். நம்மூர் கவுன்ட்டர்களில் முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

விதி போட்டதோடு நிற்கவில்லை. 'இன்ன விலாசத்திலிருந்து, இன்ன ஆள், இன்ன டேட்டாபேஸுக்கு வருவதற்கு அனுமதிப் பட்டியலில் வரி இல்லை' என்று நான்காவது படியைத் தெளிவாகச் சொல்கிறது. திருத்தவேண்டிய ஃபைலின் பெயரையும் சொல்லிவிடுகிறது. மேஜை காலியில்லை என்றால் 'ஸாரி, ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்' என்கிறது. மன்னிப்புக் கேட்கிற மெஷின். பிழைச்செய்தியில் மரியாதை வேண்டுமா என்று சண்டை போடலாம், ஆனால் ஆறாவது படி என்பதில் சந்தேகமில்லை.

நெட்வொர்க் விஷயத்தில் எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவான ஒரு பாடம் உண்டு, குறித்து வைத்துக்கொள்ளலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே வந்தால் அநேகமாக மெஷின் உயிரோடிருக்கிறது, அந்த வாசலில் ஆள் இல்லை என்று அதுவே சொல்கிறது. அரை நிமிஷம் விழித்துக்கொண்டிருந்துவிட்டு 'டைம் அவுட்' என்று வந்தால் தட்டியதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. பெரும்பாலும் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கும், அல்லது அந்த விலாசத்தில் மெஷினே இல்லை. 'போய்யா' என்பதற்கும் மௌனத்துக்கும் உள்ள வித்தியாசம். காதலித்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

எதிர்வாதத்தையும் கேட்டுவிடுவோம். 'எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னால் திருடனுக்கும் சொன்ன மாதிரி ஆகாதா?' நியாயமான கேள்வி. பெயர் தப்பா, பாஸ்வேர்டு தப்பா என்று தனித்தனியாகச் சொன்னால், சரியான பெயரைக் கண்டுபிடிக்கிற வேலை வெளியாளுக்கு மிச்சம். இதற்கு எஸ்க்யூஎல் சர்வரே ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அதன் 18456, வாசலில் நிற்பவரிடம் 'லாகின் பலிக்கவில்லை' என்று மட்டும் சொல்லும். சர்வருக்குள் இருக்கும் பதிவேட்டில் மட்டும் உண்மைக் காரணத்தை ஓர் எண்ணாக எழுதிவைக்கும். 5 என்றால் அப்படி ஆளே இல்லை, 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு. வாட்ச்மேன் வெளியே நிற்பவரிடம் 'ஐயா இல்லீங்க' என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் வந்தவர் யார் என்று விவரமாகச் சொல்வது மாதிரி. ரகசியம் காக்கவேண்டியது அந்நியனிடம். வீட்டுக்காரனிடமும் மழுப்புவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக்கூடாது.

சொல்லப்போனால், மழுப்பலான செய்திதான் பாதுகாப்புக்குப் பெரிய ஆபத்து. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தெரியாதவன் எல்லாக் கதவையும் திறந்துவைப்பான். ஃபயர்வாலை அணைத்துப் பார். அனுமதிப் பட்டியலில் 'டிரஸ்ட்' என்று போடு, பாஸ்வேர்டே கேட்காது. சர்வரை 0.0.0.0-ல் கேட்கச் சொல், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பேசும். 'ஆஹா, கனெக்ட் ஆயிடுச்சு!' என்று காப்பி குடிக்கப் போய்விடுவான். வேலை நடந்துவிட்டதால் திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

அப்படித் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரியில் உலகம் பார்த்தது. பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தைப் பார்த்தபடி இருந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சீட்டு எழுதி வைத்தார்கள். அங்கே பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டே இல்லை.

மழுப்பலைவிட மோசம் மௌனம். அதே 2017, அதே மாதம் 31-ஆம் தேதி. கிட்லேப் என்பது மற்றவர்களின் புரோகிராம்களைப் பாதுகாத்துத் தருகிற நிறுவனம். அவர்களுடைய துணை டேட்டாபேஸ் பின்தங்கிவிட்டது, முதன்மையிலிருந்து மறுபடி நகலெடுக்கவேண்டும். நகலெடுக்கும் கருவி முதலில், எனக்கு ஒதுக்கிய இணைப்புகள் போதவில்லை என்றது. ஏற்றினார்கள். சர்வர் கிளம்ப மறுத்தது, ஏனெனில் மொத்த இணைப்பு வரம்பு 8000 என்று போட்டிருந்தது. 2000 ஆக்கினார்கள், கிளம்பியது. இதுவரை செய்திகள் தங்கள் கடமையைச் செய்தன.

அதற்கப்புறம் நகலெடுக்கும் கருவி பேச்சை நிறுத்திவிட்டது. பிழை இல்லை, முன்னேற்றம் இல்லை, ஒரு முனகல் இல்லை. உண்மையில் முதன்மை சர்வர் அனுப்பத் தொடங்கட்டும் என்று அது சமர்த்தாகக் காத்திருந்தது. 'காத்திருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி நேரம், களைத்த இன்ஜினீயர், துணையில் உள்ள காலி ஃபோல்டர்தான் இடைஞ்சல் என்று ஊகித்து, அதை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்த இடம் முதன்மை சர்வர். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5.

பேக்கப் எடுத்து வைத்திருப்பார்களே? தினசரி எடுக்க ஏற்பாடு இருந்தது. டேட்டாபேஸ் பதிப்பு 9.6, எடுக்கிற கருவி பதிப்பு 9.2. கருவி ஒவ்வொரு முறையும் 'பதிப்பு ஒத்துப்போகவில்லை' என்று மறுத்திருக்கிறது. அந்தப் பிழையை ஈமெயிலிலும் அனுப்பியிருக்கிறார்கள். முறையான கையொப்பம் இல்லாத மெயில் என்று வாங்கும் இடம் அதைத் திருப்பிவிட்டது. நல்ல வாக்கியம், சரியான வாக்கியம், வாசகன் இல்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். சுமார் 5,000 பிராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதுக் கணக்குகளின் பதிவுகள் போயின. இவ்வளவும் நமக்குத் தெரியக் காரணம், கிட்லேப் எதையும் மறைக்காமல் தானே எழுதி வெளியிட்டது. அந்த அறிக்கைதான் இந்தக் கதையிலேயே சிறந்த பிழைச்செய்தி.

போஸ்ட்கிரெஸின் பின்வந்த பதிப்புகளில், விவரமாகப் பேசு என்று கேட்டால், அந்தக் கருவி தான் எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி சொல்கிறது. ஒரே வரி. அந்த வரி அந்த ராத்திரியில் இருந்திருந்தால் என்ன விலை பெற்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர்களுக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், இந்த வகையில்தான் கோடீஸ்வரர் ஆகலாம்.

இப்போதெல்லாம் பிழைச்செய்தியை அப்படியே எடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் ஒட்டிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் செய்தியில் இல்லாததை அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். எந்த ஃபைலில் தேடினேன் என்று மூலம் சொல்லாவிட்டால், உரை எழுதுபவர் எவ்வளவு பெரிய பண்டிதராயிருந்தும் என்ன செய்வார்? எட்டு காரணங்களைப் பட்டியல் போட்டுத் தருவார். அதில் ஒன்று கட்டாயம் 'ஃபயர்வாலை அணைத்துப் பாருங்கள்' என்றிருக்கும்.

இனி நம்மூர் மொழிபெயர்ப்புக்கு வருவோம். 'சர்வர் டவுன்.' ஆறு படிகளில் எங்கே நின்றாலும் கவுன்ட்டரில் ஒலிப்பது இந்த இரண்டு வார்த்தைதான். லைன் அறுந்தாலும் இதுதான். அந்த ஊழியரின் பாஸ்வேர்டு காலாவதியானாலும் இதுதான். ஒரே நேரத்தில் நிறையப் பேர் நுழைந்து மேஜை காலியில்லாவிட்டாலும் இதுதான். சர்வர் பாவம், பாதி நேரம் எங்கோ சும்மா நின்றுகொண்டிருக்கிறது, பழி மட்டும் அதன் தலையில். ஊழியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய திரையில் 'இணைப்புப் பிழை, நிர்வாகியை அணுகவும்' என்று மட்டும் வந்திருக்கும். புரோகிராம் எழுதியவர் டேட்டாபேஸ் கொடுத்த விவரமான செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, 'பயனருக்கு எதற்கு இதெல்லாம்' என்று இந்த ஒரு வரியைப் போர்த்திவிட்டார். யார் அந்த நிர்வாகி, எந்த நம்பர், எப்போது கிடைப்பார்? அதுவும் இல்லை.

விளைவு, வரிசையில் நிற்கிற பெரியவர் தலையில். அரிசி வாங்க வந்தவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். காத்திருப்பதா, போய்விட்டு நாளை வருவதா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. மேஜை காலியில்லை என்றால் கால் மணி காத்திருக்கலாம். லைன் அறுந்திருந்தால் இன்றைக்கு வேண்டாம். ஊழியரின் பாஸ்வேர்டு என்றால் பக்கத்து கவுன்ட்டருக்குப் போகலாம். மூன்றுக்கும் பதில் மெஷினுக்குத் தெரியும். பெரியவருக்குத்தான் சொல்லப்படவில்லை.

எனவே புரோகிராம் எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கவிதை எழுதும்போது எப்படி வேண்டுமானாலும் பூடகமாக எழுதுங்கள், நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். பிழைச்செய்தியில் மட்டும் எங்கே போனேன், யாராகப் போனேன், எந்தப் படியில் நின்றேன், அடுத்து யாரைக் கேட்கலாம் என்று நாலு விஷயம் சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஓர் யோசனை. அடுத்த முறை கவுன்ட்டரில் அந்த இரண்டு வார்த்தை கேட்டால் கோபப்படாமல், 'சர்வர் டவுனா சார், லைன் டவுனா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவேளை அவர் திரையை இன்னொரு தடவை படித்துப் பார்ப்பார்.